தருமபுரியிலிருந்து நேரே ஓசூரா?

கேள்வி: நான் பாலக்கோட்டிலிருந்து தினமும் ஓசூர் சென்று மென்பொருள் வேலை பார்க்கிறேன். எங்கள் குழு எழுதிவரும் டீபக்கரில் (ஓடும் நிரலை நிறுத்திப் பிழை தேடும் கருவி), எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று அறிய, ஸ்டாக்கைப் (அழைப்பு விவரங்கள் அடுக்கப்படும் நினைவகப் பகுதி) பின்னோக்கிப் படிப்பதற்கான அட்டவணை கிடைக்காதபோது, ஃபிரேமின் (ஸ்டாக்கில் ஒரு ஃபங்ஷனுக்குரிய பங்கு) முகவரியை வைத்திருக்கும் ஆர்.பி.பி. ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு ஃபிரேம் ஃபிரேமாகச் செல்லும் மாற்று முறை ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். ‘ஓசூர்’ என்ற ஃபங்ஷன் ‘கிருஷ்ணகிரி’யை அழைக்க, அது ‘தருமபுரி’யை அழைக்கும்படி எழுதிய சிறு சி நிரலில் மூன்று பெயர்களும் சரியாக வந்தன. ஆனால் அசெம்பிளியில் எழுதிய நிரலில் நடுவிலுள்ள ஃபங்ஷன் காணாமல் போகிறது. சோதனையில் இது ஏன் பிடிபடவில்லை?

பதில்: உங்கள் சோதனையில் மாற்று முறை ஓடவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். எக்ஸ்86-64 லினக்ஸில், ஜி.சி.சி. கம்பைலர் சாதாரண சி நிரலுக்கும் ‘இ.எச். ஃபிரேம்’ என்ற அந்த அட்டவணையைத் தானாகவே எழுதிவிடும். சி மொழியில் எக்ஸெப்ஷன் (பிழை நேர்ந்தால் அழைத்த ஃபங்ஷனுக்குத் தாவும் வசதி; அதற்கும் இந்த அட்டவணையே பயன்படும்) கிடையாதே, அட்டவணை எப்படி வரும் என்று எண்ணுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதை நிறுத்தும் விருப்பத்தை (ஆப்ஷன்) கம்பைலருக்குக் கொடுத்தாலும், டீபக் தகவலுக்கான ‘ஜி’ விருப்பம் உடன் இருந்தால், அதே விவரம் ‘டீபக் ஃபிரேம்’ என்ற வேறொரு பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ரீட்எல்ஃப் (நிரல் கோப்பின் பகுதிகளைக் காட்டும் கருவி) கொண்டு இரண்டு பகுதிகளையும் திறந்து பார்த்து, உங்கள் மூன்று ஃபங்ஷன்களுக்கும் அங்கே பதிவு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சோதனையைத் தொடங்குங்கள். ஜி.டி.பி. என்ற டீபக்கரில் அட்டவணை வழியை முழுவதுமாக அணைத்துவைக்கும் பராமரிப்புக் கட்டளை ஒன்று உண்டு. உங்கள் டீபக்கருக்கும் அப்படி ஒன்று தேவை. மாற்று முறைக்குள் நுழைந்ததை டீபக்கர் ஒரு வரியில் பதிவு செய்யட்டும். அந்த வரி வராவிட்டால், விடை சரியாக இருந்தாலும் சோதனை தோற்றதாகவே கொள்ள வேண்டும்.

அடுத்தது, நிரலை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. ஃபங்ஷனின் பெயரைச் சொல்லி பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டிய இடக்குறி) வைத்தால், பெரும்பாலான டீபக்கர்கள் தொடக்கக் கட்டளைகளைத் தாண்டி, ஃபிரேம் முழுதாக அமைந்த இடத்தில்தான் நிற்கும். அங்கே உங்கள் முறை தவறாது. ‘தருமபுரி’யின் முதல் கட்டளையின் முகவரியிலேயே நிறுத்திப் பாருங்கள். ஆர்.பி.பி.யை ஸ்டாக்கில் தள்ளும் அந்த ஒற்றை பைட், ஹெக்ஸில் 55, இன்னும் ஓடியிருக்காது, ஆர்.பி.பி. ‘கிருஷ்ணகிரி’யின் ஃபிரேமையே காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு 8 பைட் மேலே இருப்பது, ‘கிருஷ்ணகிரி’ முடிந்து ‘ஓசூரு’க்குத் திரும்ப வேண்டிய முகவரி. எனவே பேக்ட்ரேஸ் (அழைப்புகளின் வரிசைப் பட்டியல்) ‘தருமபுரி’க்கு அடுத்து ‘ஓசூர்’ என்று அச்சிடும். ‘கிருஷ்ணகிரி’க்குத் திரும்பும் முகவரியோ, ஸ்டாக்கின் உச்சியைக் குறிக்கும் ஆர்.எஸ்.பி. ரிஜிஸ்டர் காட்டும் இடத்தில் யாரும் படிக்காமல் கிடக்கும். இரண்டாம் கட்டளையிலும், அழைத்த இடத்துக்குத் திரும்பச் செய்யும் கடைசி ‘ரெட்’ கட்டளையிலும் இதே பிழை வரும். அசெம்பிளியில் கையால் எழுதுபவர்கள், வேறு எதையும் அழைக்காத ஃபங்ஷனில் ஆர்.பி.பி.யைத் தொடுவதே அபூர்வம் என்பதால், அங்கே எந்தக் கட்டளையில் நின்றாலும் ஒரு பெயர் விழுங்கப்படுகிறது. உங்களுக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவே. ஒவ்வொரு கட்டளையாக நகர்ந்து, அட்டவணையோடு ஒருமுறையும் அட்டவணை இல்லாமல் ஒருமுறையும் பேக்ட்ரேஸ் எடுத்து ஒப்பிடுவதே இதைப் பிடிக்கும் வழி. சிறு நிரலில் இதற்கு அதிக நேரம் ஆகாது.

கிடைத்த முகவரி ஓடக்கூடிய பகுதியில் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்ப்பது இங்கே உதவாது. ‘ஓசூர்’ முகவரி உண்மையான திரும்பும் முகவரிதான். அதற்குச் சற்று முன்னுள்ள அழைப்புக் கட்டளையைப் படியுங்கள். நேரடி அழைப்பாக இருந்தால் அது 5 பைட் நீளம். முதல் பைட் ஹெக்ஸில் இ8. அது அழைப்பது ‘கிருஷ்ணகிரி’யை, நாம் நிற்பதோ ‘தருமபுரி’யில் என்றால், இடையில் ஒருவர் விடுபட்டிருக்கலாம் என்று ஐயப்பட்டு, ஆர்.எஸ்.பி. காட்டும் இடத்தைப் படித்துப் பார்க்கலாம். ஃபங்ஷன் பாயின்டர் வழியாக அழைத்திருந்தால் இந்த ஒப்பீடு பலிக்காது. அப்போது அந்த ஃபிரேமை ஊகம் என்று குறித்தே காட்டுங்கள்.