யோகா செய்தால் இதயத்துக்கு நல்லதா? பிபி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

தினமும் அரை மணி நேரம் யோகா செய்வதாகவும், அது இதயத்துக்கு உண்மையிலேயே உதவுமா, பிபி மாத்திரையை நிறுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் உதவும். ஆனால் மாத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள். இரண்டையும் எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

எங்களுக்குக் குடியாத்தம். நைனா, அதாவது என் அப்பா, கைத்தறியில் லுங்கி நெய்தவர். நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து, வேலூரில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். டாக்டர் சரி என்ற பிறகுதான் யோகா வகுப்பில் சேர்ந்தார். தறிக்குழியில் நாற்பது வருடம் குனிந்த முதுகு, ஆசனங்களுக்கு அவ்வளவாக வளையவில்லை. மூச்சுப் பயிற்சி மட்டும் பிடித்துப்போனது. விடியற்காலையில் திண்ணையில் பாய் விரித்து, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே.

பலன் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஒரு மூச்சுக்குப் 10 நொடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு. சாதாரணமாக நாம் விடுவது 12 முதல் 20. மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுப்பதுபோல இதயத் துடிப்பை மெதுவாக்குகிறது. உள்ளே இழுக்கும்போது தளர்த்துகிறது. மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கிற உணர்விகள் நம் கழுத்து ரத்தக் குழாயில் இருக்கின்றன. அவையும் இந்த வேகத்தில் நன்றாக வேலை செய்கின்றன. பதற்றமும் அடங்குவதால் பிபி சில புள்ளிகள் இறங்குகிறது.

சில புள்ளிகள்தான். இங்கேதான் நைனா ஏமாந்தார். வகுப்புக்கு வந்த ஒருவர் "இனிமே மாத்திரை எதுக்கு?" என்று சொல்ல, யாரிடமும் மூச்சு விடாமல் பத்து நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். டப்பாவில் பிரிக்காத அட்டையைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். அளந்தால் மேல் அளவு 176. "ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையுமா நிறுத்திட்ட நைனா?" என்று கேட்கும்போது எனக்குக் கை நடுங்கியது. அதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி அடைத்துக்கொள்ளலாம்.

யோகா-கேர் என்ற பெரிய ஆய்வு 2020இல் வெளியானது. இந்தியாவில் 24 இடங்களில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நடத்தினார்கள். யோகா செய்தவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவது மேம்பட்டது, உடல்நிலை நன்றாக இருப்பதாகவும் உணர்ந்தார்கள். மறு மாரடைப்போ மரணமோ குறைந்தது என்று மட்டும் உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. நைனாவிடம் நான் கண்டதும் இதேதான். மாடிப்படிக்கே பயந்தவர், போன வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நடந்தே போய் வந்தார்.

பிபி கட்டுக்குள் இல்லையென்றால் தலைகீழாக நிற்கும் சிரசாசனம், வேகவேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் எதுவும் வேண்டாம். நிதான யோகா நடைக்கு ஈடாகாது. வாரம் 150 நிமிடம் வேக நடையும் வேண்டும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் அதை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

அப்புறம், தினமும் ஒரே நேரத்தில் பிபி பார்த்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். நைனாவின் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பிபி மாத்திரையின் அளவை டாக்டரே பாதியாகக் குறைத்தார்.