எரிந்தது உங்கள் பிரதி: திருகோணமலையில் பூர்வீகம் தேடுவோருக்குச் சில பதில்கள்

காணிப் பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மற்றவர்களின் காணி உறுதிகளை வாசித்துப் பழகிய கண்ணோடு என் குடும்பத்தையும் தேடினேன். தந்தைவழியில் நான்கு தலைமுறை, தாய்வழியில் ஐந்து கிடைத்தன. பூர்வீகம் தேடும் நம் மாவட்டத்து ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, எங்களுக்குத் திரியாய். 1985இல் ஊரை விட்டு ஓடி வந்தபோது ஒரு துண்டுக் காகிதமும் எடுக்கவில்லை. அப்பாவும் இப்போது இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, இதே கேள்வியைத் தென்னமரவடி ஆட்களும் சம்பூர் ஆட்களும் கேட்டிருக்கிறார்கள், சுனாமியில் எல்லாம் இழந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: எரிந்தது உங்கள் வீட்டில் இருந்த பிரதி. பிறப்பு, இறப்புப் பதிவுகளை இரண்டு பிரதியாக எழுதுவார்கள். ஒன்று மாவட்டத்தில் தங்கும். மற்றது கொழும்பில் பதிவாளர் நாயகத்தின் மத்திய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். இங்கே இல்லையென்றால் அங்கே கேளுங்கள். "இல்லை" என்று வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். தேடிப் பார்த்த முடிவை எழுத்தில் வாங்குங்கள். நாளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டி வந்தால் அந்தக் கடிதம் உதவும்.

தொடக்கம் உங்கள் சொந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். பலர் அதைப் பாடசாலை அனுமதிக்குக் கொடுத்ததோடு மறந்துவிடுகிறார்கள், முழுதாக வாசித்ததே இல்லை. பேரனார் (தாத்தா) இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத அதில் ஒரு கட்டம் உண்டு. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்த பிறகு பரம்பரையைக் காட்ட வேண்டியிருந்ததால் வந்த கட்டம் அது. நமக்கு ஒரு தலைமுறை அப்படியே கைக்கு வந்துவிடுகிறது. அண்ணன், தங்கையின் சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேரனாரின் பிறந்த ஆண்டு மூன்றிலும் மூன்று விதமாக இருக்கலாம், ஏனென்றால் அது அப்பா நினைவிலிருந்து சொன்னது. பிறந்த இடம் பெரும்பாலும் மாறாது.

பிறகு அப்பாவின் பதிவு, அதிலிருந்து பேரனாரின் பதிவு என்று பின்னால் போங்கள். பிறப்பு, இறப்புப் பதிவு 1867இலேயே சட்டமாகிவிட்டது. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். திகதி தெரியாவிட்டால் இடாப்பை, அதாவது பதிவேட்டை, தேடச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு வருட இடாப்புதான் பார்ப்பார்கள். ஆகவே ஆண்டை முடிந்தவரை நெருக்கிக்கொண்டு போவது நல்லது. பழைய காகிதங்களில் திரியாயைக் கட்டுக்குளப்பற்று என்ற பற்றின் பெயரோடுதான் எழுதியிருப்பார்கள், அதையும் மனதில் வைத்திருங்கள்.

ஆண்டை நெருக்குவது எப்படி? அம்மாச்சியின் சாதகக் குறிப்பில் "பிலவ வருடம், மாசி மாதம்" என்று மட்டும் இருக்கிறது. (உப்புவெளி)

மகள், அறுபது வருடச் சுற்றில் பிலவ 1901இல் வந்தது, திரும்ப 1961இல் வந்தது. அம்மாச்சியின் பிள்ளைகளின் வயதைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். இதில் பலர் விடும் பிழை ஒன்று உண்டு. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் மார்கழியின் பின்பாதி தொடங்கி தை, மாசி, பங்குனி வரை அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். 1901இல் தொடங்கிய பிலவவின் மாசி என்றால் 1902. நீங்கள் 1901 இடாப்பைத் தேடினால் கிடைக்காது.

சாதகம் இல்லாத வீடுகளில் சம்பவத்தைக் கேளுங்கள். "நீங்கள் எந்த ஆண்டு பிறந்தீர்கள்" என்று கேட்டால் கிழவிகள் கையை விரிப்பார்கள். "ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடப்பீர்களா, கைக்குழந்தையா?" என்று கேட்டுப் பாருங்கள். அது 1942 ஏப்ரல் 9, சித்திரைப் புதுவருடத்துக்குச் சில நாள் முந்தி. "சூறாவளிக்கு முந்தியா பிந்தியா கல்யாணம்?" என்றால் 1964 மார்கழி. இந்த இரண்டும் நம்மூரில் யாரும் மறக்காத ஆணிகள்.

அப்பா பக்கம் ஐந்து தலைமுறை எழுதிவிட்டேன். அம்மா பக்கம் அம்மம்மாவோடு நிற்கிறது. ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. (சேனையூர்)

பிள்ளை, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெண்களின் பெயர் வாய்க்கதையில் சீக்கிரம் அழிந்துபோகிறது. காணியில் அழிவதில்லை. நம் ஆட்கள் பெண்பிள்ளைக்குக் காணி எழுதிக் கொடுத்த சமூகம். சீதன உறுதியைத் தேடுங்கள். "இன்னாரின் மகள், இன்னாரின் பெண்சாதி" என்று இரண்டு தலைமுறை ஒரே வரியில் நிற்கும். "தாய்வழி முதுசமாக வந்த காணி" என்றிருந்தால் மூன்றாவதுக்கும் வழி திறக்கும். எல்லைகளையும் தவறாமல் எழுதி வையுங்கள். வடக்கே, கிழக்கே காணி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கூடப் பிறந்தவர்கள், ஏனென்றால் ஒரு வளவைத்தான் பிரித்துப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.

உறுதி தொலைந்திருந்தால்? இங்கும் அதே கதைதான். மூலம் காணிக்காரர் கையில், ஒரு பிரதி நொத்தாரிசிடம், இன்னொரு பிரதியை நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். பதிவகத்தில் ஒரு காணிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கைமாறக் கைமாற அதிலேயே பதிவார்கள். பக்கம் நிறைந்தால் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவார்கள், பழைய பக்கத்தின் எண்ணைப் புதியதில் குறிப்பார்கள். அந்த எண்ணைப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் போய்த்தான் என் தாய்வழியில் ஐந்தாவது தலைமுறையைக் கண்டேன். அவள் கைநாட்டு வைத்த பெண். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் ஒருவருமே கேள்விப்பட்டிருக்கவில்லை. அன்று கந்தோரில் இருந்து வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

அப்புறம், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டு, நினைவு மலர். வம்ச வரலாற்றைப் பாட்டாகவே எழுதிவைத்த மலர்கள் உண்டு. இணையத்தில் நூலகம் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களும் பாடசாலை மலர்களும் நிறைய இருக்கின்றன, காசில்லாமல் வாசிக்கலாம். பத்திரிகை மரண அறிவித்தலையும் வெட்டி வையுங்கள். மருமக்கள், சம்பந்தி, மைத்துனர் எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள்.

தாத்தாவின் பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருக்கிறது. மூன்று ஆட்களா? (ஸ்காபரோவிலிருந்து, சொந்த ஊர் நிலாவெளி)

பெரும்பாலும் ஒரே ஆள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். அதை ஆங்கிலத்தில் எழுதியவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதினார். கந்தையா 'கே'யிலும் வரும், 'சி'யிலும் வரும். சின்னத்தம்பி 'எஸ்'ஸிலும் 'சி'யிலும். வைத்திலிங்கத்தை 'வி, வை' (Vy) என்று தொடங்கி எழுதியிருப்பார்கள். தேடும்போது எல்லா எழுத்திலும் தேடுங்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: பேரனாரின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பதால் ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் அறுபது வருட இடைவெளியில் நிற்பார்கள். மனைவி பெயரும் காணியின் பெயரும் பொருந்தினால் மட்டும் ஒரே ஆள் என்று முடிவு செய்யுங்கள்.

கிண்ணியாவில் எங்கள் வாப்பும்மாவின் திருமணப் பதிவு கிடைக்குமா?

கிடைக்கலாம். கடுத்தத்தில், அதாவது முஸ்லிம் திருமணப் பதிவில், மணமகளின் வாப்பா பெயர், வலி (மணமகளின் பொறுப்பாளர்) யார், மஹர் எவ்வளவு என்றெல்லாம் இருக்கும். முதலில் பள்ளிவாசலிலும் பழைய பதிவுகாரரின் குடும்பத்திலும் கேளுங்கள், பிறகு மாவட்டப் பதிவாளரிடம். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பதியாததால் மட்டும் நிக்காஹ் செல்லாமல் போவதில்லை. அதனால் பதியாமல் விட்டவர்களும் உண்டு. கிடைக்காவிட்டால் மனம் தளராமல் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுக்குப் போங்கள்.

நாங்கள் பாலையூற்றுப் பறங்கியர். கொழும்பில் இருக்கும் டச்சு பேகர் யூனியனில் எங்கள் வம்சம் இருக்குமா?

1908இல் தொடங்கிய அந்தச் சங்கம் தன் சஞ்சிகையில் வெளியிட்ட வம்சாவளிகள் ஒல்லாந்தவழிக் குடும்பங்களுடையவை. நம்மூர்ப் பறங்கியர் பெரும்பாலும் போர்த்துக்கேய வழி, கத்தோலிக்கர். ஆகவே உங்கள் புதையல் பங்கின் ஞானஸ்நானப் புத்தகம். ஞானப்பெற்றோர் யாரென்று அதில் இருக்கும், அவர்கள் அநேகமாக மாமா, பெரியம்மா முறையில்தான் வருவார்கள். பழைய பக்கங்களில் பெயர் லத்தீனில் இருக்கலாம்; யுவான்னெஸ் என்றால் உங்கள் வீட்டு ஜோன். திருகோணமலை தனி மறைமாவட்டமானது 1893இல், அதற்கு முன் யாழ்ப்பாணத்தின் கீழ் இருந்தது. பங்கில் இல்லாததை யாழ்ப்பாணத்திலும் விசாரியுங்கள்.

தம்பலகாமத்தில் எங்களைத் தானத்தார் வழி, குளக்கோட்டன் மன்னன் கோயில் தொண்டுக்குக் கொண்டுவந்து இருத்திய ஆட்கள் என்பார்கள். இதை நிரூபிக்க முடியுமா?

அண்ணன், உண்மையைச் சொல்ல வேண்டும். கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலில், தொண்டு வகுப்பாரான தானத்தாருக்கும் வரிப்பத்தாருக்கும் கோணேசர் கோயிலில் என்ன கடமை என்று விரிவாக இருக்கிறது. ஆனால் அங்கிருந்து உங்கள் பூட்டன் வரைக்கும் பெயர் பெயராக வரும் சங்கிலி அதில் இல்லை. இடையில் 1620களில் போர்த்துக்கேயர் கோயிலையே இடித்தார்கள். எனவே மேலிருந்து கீழே வர முயல வேண்டாம். உங்களிலிருந்து தொடங்கி உறுதியாகத் தெரிந்த கடைசி ஆள் வரை போய், அங்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே "வழிவழியாகச் சொல்வது" என்று எழுதுங்கள். ஆதிகோணநாயகர் கோயிலில் உங்கள் குடும்பம் இன்றும் செய்யும் தொண்டு என்ன, அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும் எழுதுங்கள். பூர்வீகத்துக்கு அதுவும் சாட்சி.

டிஎன்ஏ சோதனை செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கடைசியாக. மச்சான் மச்சாளைக் கட்டிக்கட்டி வந்த குடும்பங்களில் தூரத்து உறவும் கிட்டடி உறவாகக் காட்டும். கையில் வம்சப் படம் இல்லாமல் அந்த முடிவை வாசிக்க முடியாது.

சேர்த்ததை எதில் வைப்பது?

கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும், உங்கள் கணினியிலேயே இருக்கும். ஃபேமிலிசர்ச் தளமும் இலவசம்தான், ஆனால் அங்கே ஒரே மரத்தில் எல்லோரும் கை வைப்பார்கள். நீங்கள் எழுதியதை இன்னொருவர் மாற்றலாம். பழைய படங்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள், போல்பொயின்ற் வேண்டாம். எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றைத் திருகோணமலைக்கு வெளியே இருக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். என்னுடையது மட்டக்களப்பில் தங்கச்சி வீட்டு அலுமாரியில் இருக்கிறது.