காயல் கரையில் வீடு: அக்காவிடம் கேளுங்கள்

திருவனந்தபுரத்தை ஒட்டிய வெள்ளாயணிக் காயல் பக்கம் காரை நிறுத்தி, தாமரையைப் பார்த்துவிட்டு, 'இங்கேயே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன' என்று நினைக்காத குமரி மாவட்டத்துக்காரர்கள் குறைவு. திருவனந்தபுரத்தில் வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தபோது, அந்த நினைப்போடு வந்தவர்களின் பத்திரங்களைத்தான் வருஷக்கணக்காகப் புரட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களிலும் அதே நினைப்பு. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

அக்கா, என் கணவருக்குக் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. தக்கலையிலிருந்து தினமும் போய்வந்து அலுத்துவிட்டார். வெள்ளாயணிக் காயல் பக்கம் 5 சென்டில் புது வீடு, 80 லட்சம் என்கிறார் புரோக்கர். மாடியில் நின்றால் காயல் முழுக்கத் தெரிகிறது. மார்ச் மாதம் பார்த்தோம், எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?
— தக்கலை வாசகி

இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. வீட்டில் குறை இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. மார்ச்சில் பார்த்தீர்கள் என்பதுதான் உறுத்துகிறது. மார்ச்சில் காயல் கரையில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசியில் துலாமழை இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்த பிறகு ஒரு தடவை போங்கள். புரோக்கரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

போனதும் மாடிக்கு ஏறாமல் மதிலைப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடத்தில் பாசியோ பழுப்போ ஒரு கோடு விட்டிருக்கும். மதிலின் கீழ் மூன்று அடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், அது ஏன் என்று கேளுங்கள். பக்கத்தில் பத்துப் பதினைந்து வருஷமாகக் குடியிருப்பவர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரைத் தருவார்கள். அதிலேயே ஒரு பாட்டில் வாங்கிவந்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் மேலே மினுமினுப்பான ஏடும் அடியில் செம்மண் நிறமும் இருந்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அப்புறம் வெள்ளைச் சட்டை, வெள்ளை டைல்ஸ் ஆசையெல்லாம் விட்டுவிட வேண்டியதுதான். இல்லையென்றால் ஃபில்டருக்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். அந்த வீட்டம்மா கொஞ்சம் பேசுகிறவராக இருந்தால், கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், மர அலமாரியின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பட்டுப்புடவையிலும் பெல்ட்டிலும் பூஞ்சை பூத்த கதையை அவரே சொல்வார்.

சரி, வீடு தேறிவிட்டது என்று வையுங்கள். அடுத்தது காகிதம். பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். விற்பவரிடம் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதை வாங்கி, இடத்தின் வகை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'புரயிடம்', அதாவது வீட்டுமனை, என்றால் சரி. 'நிலம்' என்றிருந்தால் அரசாங்கக் கணக்கில் அது இன்னும் வயல். மேலே மாடி வீடே நின்றாலும் வயல்தான். வெள்ளாயணியைச் சுற்றிப் புஞ்சக்கரி பக்கமெல்லாம் வயலும் காயலும் ஒன்றோடொன்று கிடக்கிற பூமி. அதனால் இந்தக் கேள்வி இங்கே முக்கியம்.

கேரளத்தில் நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் நிரப்பிய வயலைப் பழையபடி வயலாக்கச் சொல்லிக் கலெக்டர் உத்தரவு போடலாம். எந்தெந்த சர்வே நம்பர் வயல் என்று டேட்டா பேங்க் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கிருஷி பவனில், அதாவது உள்ளூர் வேளாண்மை ஆபீஸில், பார்க்கலாம். நம் சர்வே நம்பர் அதில் தவறுதலாக ஏறியிருந்தால் ஃபாரம் 5 கொடுத்து நீக்க வேண்டும். செயற்கைக்கோள் படம் வரவழைத்துப் பார்த்து வருவாய்த்துறையின் ஆர்.டி.ஓ.வோ டெபுடி கலெக்டரோ முடிவு செய்வார். டேட்டா பேங்கில் இல்லை, ஆனால் வில்லேஜ் ஆபீஸ் கணக்கில் மட்டும் 'நிலம்' என்றிருந்தால் ஃபாரம் 6. விற்பவர் 'அப்ளிகேஷன் போட்டாச்சு, இப்போ வந்துரும்' என்பார். வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். உத்தரவு வந்து, வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டிலும் மாறிய பிறகே அட்வான்ஸ். அதோடு முன்னாதாரம் (மூலப்பத்திரம்), குடிக்கடம் (வில்லங்கச் சான்று), கைவச சர்டிபிகேட் (இடம் அவர் அனுபவத்தில் இருப்பதற்கான சான்று), லொகேஷன் ஸ்கெட்ச் எல்லாம் வாங்கி, மலையாளம் படிக்கத் தெரிந்த உங்கள் சொந்த வக்கீலிடம் கொடுங்கள். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.

5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் செப்டிக் டாங்கின் உறிஞ்சுகுழிக்கும் இடையே 7.5 மீட்டராவது வேண்டும் என்பது கட்டட விதி. உங்கள் கிணறு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். காயல் பக்கம் நிலத்தடி நீர் கைக்கு எட்டுகிற ஆழத்தில் இருக்கிறது. அங்கே இது சட்டத்துக்காக மட்டும் பார்க்கிற விஷயம் இல்லை. டேப் கொண்டு போங்கள்.

கடைசியாகப் பணம். 80 லட்சத்துக்கு வங்கி அதிகபட்சம் 64 லட்சம் வரை கொடுக்கலாம். மீதி 16 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக இன்னொரு 8 லட்சம். இதற்குப் பொதுவாகக் கடன் கிடையாது. 24 லட்சம் கையிலிருந்து எடுக்க முடியுமா என்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பத்திரம் எழுதுகிற கூலி, வக்கீல் ஃபீஸ் தனி. 50 லட்சம் தாண்டிய விலை என்பதால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்து நீங்களே கட்ட வேண்டும். மறந்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

ஆக்குளம் காயல் பார்த்த பிளாட்டா, வெள்ளாயணியில் தனி வீடா? எனக்கும் ஆபீஸ் கழக்கூட்டம். இரண்டுமே காயல்தானே அக்கா?
— தென்காசி வாசகர்

இரண்டும் காயல்தான் தம்பி, ஆனால் குணம் வேறு. வெள்ளாயணி நல்ல தண்ணீர். சுற்றுப்பகுதிக்குக் குடிநீரே அதிலிருந்து எடுக்கிறார்கள். ஆக்குளம், வேளிக் காயலோடு சேர்ந்து கடலுக்குப் போகிற உப்பங்கழி. நகரத்தின் ஆமயிழஞ்சான் தோடு முதற்கொண்டு பல ஓடைகள் குப்பையோடும் சாக்கடையோடும் அந்தப் பக்கம்தான் வந்து விழுகின்றன. வேளியில் பொழி, அதாவது கடலில் சேரும் வாய், அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பும். ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் மாதங்களில் பால்கனிக் கதவைத் திறக்க மாட்டீர்கள். விளம்பரப் படத்தில் அது பச்சைப் புல்வெளி மாதிரித் தெரியும்.

ஆபீஸ் தூரம் என்று பார்த்தால் ஆக்குளம்தான். 10 கிலோமீட்டருக்குள். வெள்ளாயணியிலிருந்து 20 கிலோமீட்டர் பக்கம் வரும். பைபாஸில் ஈஞ்சக்கல், சாக்கை தாண்டிப் போக வேண்டும். சிலருக்குத் திருவல்லம் சுங்கச்சாவடியும் குறுக்கே வரும். காலை எட்டரைக்குக் கிளம்பி ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு 'அரை மணி நேரம்தான்' என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிளாட் என்றால் பதினாலாவது மாடி நனையாது. கீழே கார் நிறுத்துமிடமும் ஜெனரேட்டரும் லிஃப்ட் குழியும் நனையும். 2023 அக்டோபர் நடுவில் ஒரே ராத்திரி மழையில் டெக்னோபார்க் பக்கமே தண்ணீர் ஏறியது. அன்றைக்கு உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் எப்படி இருந்தது என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள். விற்பனைப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது.

அதைவிடப் பெரிய விஷயம், ஆக்குளம் கடலின் ஏற்றவற்றம் எட்டும் நீர்நிலைகளோடு சேர்ந்தது. அதனால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். கொச்சி மரடில் காயலைப் பார்த்து நின்ற நான்கு குடியிருப்புகளை இந்த விதி மீறலுக்காகத்தான் 2019 மே மாதம் இடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்து இடித்தார்கள், நாம் எல்லாரும் டி.வி.யில் பார்த்தோம். அவற்றுக்கும் பஞ்சாயத்தின் கட்டட அனுமதி இருந்தது. வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால நஷ்டஈடு 25 லட்சம். எனவே 'பெர்மிட் இருக்கு மேடம்' என்று நீட்டும் தாள் போதாது. கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் அனுமதி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான கேரள ரெராவின் பதிவு எண் இரண்டையும் கேளுங்கள். ரெரா எண்ணை அவர்கள் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இரண்டும் வேண்டாம். ஆபீஸ் பக்கம் வாடகைக்கு இருங்கள். ஆசைக்கு, சனிக்கிழமை வெள்ளாயணியில் காயல் வரம்பு மேல் போகிற பண்டு ரோட்டில் நடந்துவிட்டு வாருங்கள்.

வளைகுடாவில் இருக்கிறேன். வெள்ளாயணியில் 30 சென்ட் வயல் மலிவாக வருகிறது. இப்போது வாங்கிப் போட்டு, பிறகு நிரப்பி வீடு கட்டலாமா?
— மார்த்தாண்டம் வாசகர்

முடியாது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்கக் கூடாது. அன்னியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. நிரப்புவதை 2008 சட்டம் தடுக்கிறது. தம்பி பெயரில் வாங்கலாமே என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அது பினாமி வழக்கில் கொண்டுபோய் விடும், தம்பியோடு பேச்சும் நின்றுபோகும். மலிவாக வருவதற்குக் காரணமே இதுதான்.

காயல் வீட்டுக்குக் கிழக்கே இருந்தால் நல்லதா, வடக்கே இருந்தால் நல்லதா?
— பாறசாலை வாசகர்

வீட்டைவிடத் தாழ்வாக இருந்தால் நல்லது.

அக்கா, வெள்ளாயணி போனால் பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களோ என்று மாமியார் பயப்படுகிறார். அக்கம்பக்கம் எப்படி?
— குழித்துறை வாசகி

உங்கள் மாமியாருக்கு 1956-க்கு முன்னால் குழித்துறையும் திருவிதாங்கூரில்தான் இருந்தது என்று ஞாபகப்படுத்துங்கள். அங்கே தமிழ் மறந்தா போனது? பள்ளியில் மலையாளம் கட்டாயம். 2017 சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளியிலும் படித்தாக வேண்டும். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருப் பகுதியில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது, ஆனால் வெள்ளாயணியிலிருந்து தினமும் அனுப்புவது சிரமம். வீட்டில் தமிழ் பேசுங்கள், ராத்திரி பத்து நிமிஷம் தமிழ்ப் புத்தகம் படிக்க வையுங்கள். கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடக்கிறது.

அக்கம்பக்கம் நல்ல மனுஷர்கள். 'எவிடெயா வீடு' என்பார்கள், தக்கலை, குழித்துறை என்று சொன்னால் உடனே அங்கே ஒரு சொந்தக்காரர் பெயர் வரும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளாயணி தேவி கோயிலில் காளியூட்டுத் திருவிழா. அப்போது வீடு தேடி ஆள் வரும், கதவைச் சாத்தி வைக்காதீர்கள். விடியற்காலையில் சின்ன வள்ளத்தில் போய்த் தாமரை பறிக்கிறவர்களைப் பார்க்கலாம், கோயில்களுக்குப் போகிற பூ. வயலில் நீலத்தாழைக்கோழி நடக்கும், சீக்கிரம் பழகிவிடும். பழகாதது ஞாயிற்றுக்கிழமை. போட்டோ எடுக்க வருகிற கல்யாண ஜோடிகளும் பைக் கூட்டமும் உங்கள் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். பண்டு ரோடு குறுகல், எதிரே ஒரு கார் வந்தாலே யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்கு ரிவர்ஸ் நன்றாக வரும்?

கேரளாவே வேண்டாம், நம் தேரூர்க் குளத்துப் பக்கம் மனை போட்டிருக்கிறார்களே, அது எப்படி?
— நாகர்கோவில் வாசகர்

சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் 2022-இல் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டன. பறவைக்கு நல்லது, ரியல் எஸ்டேட்காரருக்கு இல்லை. மனைப் பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அனுமதி எண் இருக்கிறதா, பட்டாவில் நஞ்சை என்றிருக்கிறதா, எஃப்.எம்.பி. என்கிற சர்வே வரைபடத்தில் குளத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று மூன்றையும் பாருங்கள். வரைபடத்தை மொபைலில் காட்டினால் போதாது, தாலுகா ஆபீஸ் முத்திரையோடு வேண்டும்.

விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டதே அக்கா, வெள்ளாயணி பக்கம் இப்போதே 10 சென்ட் வாங்கிப் போட்டால் லாபம்தானே? சென்ட் விலை எழுதியிருக்கிறேன், நியாயமா என்று சொல்லுங்கள்.
— களியக்காவிளை வாசகர்

துறைமுகத்தைப் பிரதமர் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதற்கு ரொம்ப முன்னாலேயே விற்பவர்கள் அதை விலையில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் கொடுப்பது இன்றைய விலை இல்லை, அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் நாளைய விலை. அதோடு விழிஞ்ஞத்திலிருந்து நாவாயிக்குளம் வரை வெளிவட்டச் சாலை போடும் திட்டம் ஒன்று இருக்கிறது. நிலமெடுப்பில் சர்வே நம்பர் சிக்கினால் பணம் வரும்வரை அந்த இடத்தை விற்கவும் முடியாது, வங்கியும் கடன் கொடுக்காது. அந்த மாதிரி ஃபைலை நாங்கள் மேசையிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவோம். வில்லேஜ் ஆபீஸில் முதலில் அதைக் கேளுங்கள். அரசு நிர்ணயித்த ஃபேர் வேல்யூ எவ்வளவு என்றும் பாருங்கள். அதற்கும் அவர் சொல்லும் விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால், மிச்சத்தைக் கறுப்பில் கேட்கப் போகிறார் என்று அர்த்தம். சர்வே நம்பரும் வில்லேஜும் எழுதாமல் விலையை மட்டும் எழுதினால் நான் என்னத்தைச் சொல்ல? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.