அம்மம்மா செய்த தொழிலை எழுதுங்கள்

அம்மம்மாவின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம், அவ படிக்கவும் இல்லை, உத்தியோகம் பார்க்கவும் இல்லை, வாழ்க்கை வரலாறு என்று என்னத்தை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டிலும் யாரோ பழைய கல்வெட்டு (செத்தவருக்கு அடிக்கும் நினைவு மலர்) ஒன்றைத் தந்து பெயர்களை மட்டும் மாற்றச் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, பிள்ளைகள் இருக்கும் நாடுகள், பிறகு தேவாரம். அம்மம்மா என்ன செய்து சீவித்தா என்று ஒரு வரி இல்லை. நான் விடவில்லை.

அவ பனையோலையில் பெட்டியும் கடகமும் (பெரிய கூடை) இழைத்தவ. சார்வோலையைக் காயவிட்டு, சத்தகம் என்ற சின்னக் கத்தியால் ஒரே அகலத்தில் வார்ந்து, விடிய முதலே இழைக்கத் தொடங்கிவிடுவா. பனம்பாத்தி கிண்டும் காலத்தில் கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலும் விற்பா. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்து வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவவின் கடகத்துக்குள் ஒடியல் மாவும் சத்தகமும் இருந்தன. கொடிகாமத்தில் ஒரு மாமரத்துக்குக் கீழே கிடந்தோம். அவ இழைத்துச் சந்தையில் விற்ற பெட்டிக் காசில்தான் அரிசி வாங்கினோம். அடுத்த ஏப்ரலில் ஊர் திரும்பும் மட்டும் அதுதான் எங்கள் சீவியம்.

அம்மா வெங்காயத் தோட்டத்தில் கூலி. நடுகை, புல்லுப் பிடுங்கல், பிடி கட்டல். ஆம்பிளைகளுக்கு ஒரு கூலி, பொம்பிளைகளுக்கு அதிலும் குறைவு. குனிந்து குனிந்தே நாரி (இடுப்பு) போய்விட்டது. இப்போதும் அறுவடை நேரத்தில் வெளிநாட்டு வெங்காயம் வந்து இறங்கி விலை விழுகிறது. தோட்டக்காரனுக்கு நட்டம் என்று எல்லாரும் கதைக்கிறார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் கூலிப் பொம்பிளைகளைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

வறுமையை விளம்பரப்படுத்துகிறேன் என்று சிலர் இங்கே வந்து சொல்லக்கூடும். என் மாமாவும் "உதையெல்லாம் எழுதி ஏன் எங்களைக் கேவலப்படுத்துறாய்?" என்றுதான் கேட்டார். அவரைப் படிப்பித்ததும் அந்தப் பெட்டிக் காசுதான். தேவாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதையும் போட்டோம்.

அச்சகத்துக்குக் கொடுக்க முதல் அம்மாவிடமும் அயலில் உள்ள ஆச்சிமாரிடமும் கேளுங்கள். என்ன வேலைக்குப் போனா, எந்தச் சந்தையில் விற்றா, ஆர் கூடப் போனது, அந்தக் காசில் ஆரார் படித்தது. அவவின் கையால் செய்த சாமான் ஏதும் அடுப்படியில் இருந்தால் படம் எடுத்து, அவவின் படத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.