குதிரை டிரெய்லரில் சின்ன நாலு சக்கர மோட்டார் வண்டியையும் ஏற்ற வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் குதிரைகளைப் பிரிக்கும் நடுத் தடுப்பைப் பாருங்கள். தடுப்பு மடங்கினாலும் அதன் தூண் கழலாவிட்டால் வண்டி உள்ளே போகாது. வாசல் அகலத்தை நீங்களே அளந்துவிடுங்கள். விற்பவர் சொல்வது பெரும்பாலும் உள் அகலம். பின்கதவு சாய்தளமாக இருப்பது நல்லது.

அப்புறம் எடை. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஏற்றக்கூடிய சுமை. ஒரு குதிரையே சுமார் 500 கிலோ வரும். வண்டியை அச்சுக்குப் பின்னால் நிறுத்தினால் டிரெய்லர் ஓட்டத்தில் வாலாட்டும். கனம் அச்சுக்குச் சற்று முன்னால் விழட்டும். வண்டியைக் கட்டுவதற்கு, டிரெய்லரின் அடிச்சட்டத்தோடு பற்றவைத்த தரை வளையங்கள் வேண்டும். சுவரில் இருக்கும் குதிரை வளையம் இதற்குத் தாங்காது.

இரண்டையும் ஒரே பயணத்தில் ஏற்றுவதாக இருந்தால் குதிரை நிற்கும் பகுதிக்கும் வண்டி நிற்கும் பகுதிக்கும் இடையில் முழுச் சுவர் உள்ளதாக வாங்குங்கள். பெட்ரோல் வாடையில் குதிரையை அடைத்துக் கொண்டுபோவது சரியில்லை.