விசுவாசத்தால்தானே இரட்சிப்பு? அப்புறம் இரக்கம் காட்டியே ஆக வேண்டும் என்பது எதற்கு?

கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம் என்று எபேசியர் நிருபம் சொல்கிறது. அப்படியிருக்க, என்னை ஏமாற்றியவனிடமும் இரங்கு என்பது கூடுதல் சுமை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இறையியல் படித்தவன் அல்ல, பலசரக்குக் கடைக்காரர் மகன். அதனால் கணக்கு வழியாகவே சொல்கிறேன். இயேசுவும் இதைக் கணக்கு வழியாகத்தான் சொன்னார்.

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் கத்தோலிக்க நண்பர்கள் "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்று ஜெபிப்பார்கள். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்போம். மத்தேயு நற்செய்தியில் இருப்பது கடன்தான். கடை வைத்திருப்பவன் வீட்டில் அந்த வரியைச் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். பதநீர் காலம் பங்குனி வாக்கில் சூடுபிடித்து ஆடியோடு ஓய்ந்துவிடும். மழை மாதங்களில் பனையேறிகள் வீட்டுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கடனில் போகும். பருவம் வந்ததும் கருப்பட்டியாகத் திரும்பி வரும். 90-களில் ஒரு பருவத்தின் நடுவிலேயே ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். பற்று நோட்டில் அவர் பெயரில் 1,840 ரூபாய். நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். அப்பாவிடம் சொல்லாமலே வசூலுக்குப் போனேன். அவர் மனைவி, "கொஞ்சம் பொறு தம்பி, எப்படியும் தந்துருவோம்" என்றார். இடுப்பு ஒடிந்தவருக்குச் சைக்கிள் எதற்கு என்று நினைத்து, திண்ணையில் சாத்தியிருந்ததை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பாளை சீவும் அருவாளை வைக்கும் அருவாப்பெட்டி இன்னும் அதன் கேரியரில்தான் கட்டியிருந்தது. அவிழ்த்து வைத்துவிட்டு வரக்கூடத் தோன்றவில்லை.

"யாரு சைக்கிள்லே இது?" என்று மட்டும் அப்பா கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் எல்லாரும் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, அந்த வரிக்கு மட்டும் அவர் குரல் வரவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தார்.

காலையில் நானே கொண்டுபோய் விட்டேன். அந்த அம்மா நன்றியெல்லாம் சொல்லவில்லை. அருவாப்பெட்டியைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சரியாகத்தான் செய்தார்.

அப்பா அந்தக் கணக்கை அடித்துவிட்டார். ஆனால் தூத்துக்குடி மொத்த வியாபாரி அப்பாவின் கணக்கை அடிக்கவில்லை. அந்தப் பருவத்து என் கல்லூரிக் கட்டணம் அபராதத்தோடுதான் போனது. இரக்கம் என்றால் மனம் உருகுவது என்று அதுவரை நினைத்திருந்தேன். யாரோ ஒருவர் கையிலிருந்து காசு போவது என்று அப்போதுதான் பட்டது. இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியனும் அடிபட்டவனைப் பார்த்து உருகியதோடு நிற்கவில்லையே. சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் வைத்தான், அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான்.

மத்தேயு 18-ல் இயேசு சொன்ன கதைக்கு வருகிறேன். ராஜாவுக்கு ஒருவன் 10,000 தாலந்து கடன். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. கலிலேயா, பெரேயா இரண்டிலுமிருந்து, இயேசுவின் காலத்தில் அவற்றை ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு ஆண்டுக்கு வந்ததே 200 தாலந்துதான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். அந்த 10,000 தாலந்தையும் மன்னித்த ராஜாவின் அரண்மனையிலிருந்து வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான்.

இந்த 100 வெள்ளிப்பணத்தைப் பிரசங்கங்களில் 'அற்பத் தொகை' என்று தாண்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 100 நாள் கூலி அற்பமா? நாளுக்கு 600 ரூபாய் என்று வைத்தாலும் 60,000. உங்களுக்கு நேர்ந்தது சின்ன விஷயம் என்று இயேசு சொல்லவில்லை. நிஜமான கடன்தான், நிஜமான நஷ்டம்தான். ஆனால் அதைக் கேட்டு நிற்பவன் எந்த வாசலிலிருந்து வெளியே வந்தவன் என்று பாருங்கள் என்கிறார். உங்கள் கேள்விக்குப் பதில் அந்த வரிசையிலேயே இருக்கிறது. ராஜா முதலில் மன்னித்துவிட்டார். இரக்கம் அதற்கான விலை அல்ல. ஆனால் வெளியே வந்து கழுத்தைப் பிடிப்பவனுக்கு உள்ளே நடந்தது உறைக்கவே இல்லை. அவனைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், கதையும் நல்லபடியாக முடியவில்லை.

ஒன்று மட்டும். கடனைத் தள்ளுபடி செய்யும் உரிமை கடன் கொடுத்தவருக்குத்தான். அடிவாங்கிய பெண்ணிடம் போய் "மன்னிச்சு விட்டுரும்மா, வேதம் அப்படித்தான் சொல்லுது" என்று பஞ்சாயத்துப் பேசும் சபைப் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. அதற்குப் பெயர் இரக்கம் இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டேன். எனக்கும் ஒருவர், சபையில் இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருபவர், நான்கு வருடமாக ஒரு தொகை தர வேண்டியிருக்கிறது. அப்பாவைப்போல என்னால் இன்னும் அடிக்க முடியவில்லை. அந்த வரி வரும்போது குரல் இறங்கிவிடுகிறது. போன ஞாயிறும் அப்படித்தான்.