அடிக்கடி வரும் கட்டி, கால் வீக்கம், சிரங்கு: தோல் தொற்று பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: தினமும் இரண்டு வேளை குளிக்கிறேன். அப்படியும் மாதாமாதம் எங்காவது சீழ்க்கட்டி வருகிறது. சுத்தம் போதவில்லையா டாக்டர்?

பதில்: உங்கள் சுத்தத்தைக் குறை சொல்ல மாட்டேன். கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஏறக்குறைய 10 பேரில் 3 பேருடைய மூக்குக்குள் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல், சவரத்தில் பட்ட கீறல், இறுக்கமான உடை உரசும் இடம், இவை போதும் அது உள்ளே நுழைய. திரும்பத் திரும்ப வந்தால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். கட்டிக்காக வந்த இடத்தில்தான் சர்க்கரை நோய் இருப்பதே சிலருக்குத் தெரியவரும். அப்புறம், வீட்டில் வேறு யாருக்கும் கட்டி வருகிறதா என்று விசாரியுங்கள். துண்டும் ரேசரும் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: கட்டியைப் பிதுக்கிவிடலாமா?

பதில்: கூடாது. சீழ் ஆழத்துக்கும் போகலாம். மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் கை வைக்கவே வேண்டாம். அங்குள்ள ரத்தநாளங்களுக்கு மூளையை ஒட்டிய நாளங்களோடு தொடர்பு உண்டு. வெதுவெதுப்பான ஈரத்துணியால் நாளைக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுங்கள். பெரிதானால் டாக்டர் கீறிச் சீழை எடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். சீழ் தேங்கிய இடத்தில் மருந்து சரியாக வேலை செய்யாது.

கேள்வி: அம்மாவுக்கு ஒரே காலில் செல்லுலைட்டிஸ் (தோலின் ஆழத்தில் பரவும் பாக்டீரியா தொற்று) மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. மருந்தில் சரியாகிறது, மறுபடி வருகிறது. ஏன்?

பதில்: கிருமியைத் துரத்திவிட்டு, அது வந்த வழியைத் திறந்தே விடுவதால்தான். அம்மாவின் கால்விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறி, வெடித்திருக்கும் சேற்றுப்புண்தான் பலருக்கு நுழைவாயில். அதற்குப் பூஞ்சைக்கான மருந்து தனியாக வேண்டும். குதிகால் வெடிப்பும் பாருங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருந்தால், காயம் பட்டதே அவருக்குத் தெரியாது.

இன்னொன்று நீர் வீக்கம். ஒவ்வொரு தொற்றும் நிணநீர்க் குழாய்களைக் கொஞ்சம் கெடுக்கிறது, வடிகால் கெட்டால் வீக்கம், வீக்கம் இருந்தால் அடுத்த தொற்று. ஆகவே உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். தொற்று அடங்கிய பிறகு அழுத்தக் காலுறை உதவும், ஆனால் காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகுதான். இத்தனைக்கும் அடங்காவிட்டால், குறைந்த அளவில் பென்சிலினை நீண்ட நாள் கொடுப்பதும் உண்டு.

இப்போதைக்குச் சிவப்பின் எல்லையில் பேனாவால் கோடு போடுங்கள். மருந்து தொடங்கி முதல் ஓரிரு நாள் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் பரவலாம். அதற்குப் பிறகும் பரவினாலோ, காய்ச்சல் ஏறினாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, கை வைத்துச் சூட்டையும் கெட்டித்தன்மையையும் பாருங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு முழங்காலுக்குக் கீழும் சிவந்து அரிக்கிறது. அதுவும் இதேதானா?

பதில்: இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் செல்லுலைட்டிஸ் வருவது அபூர்வம். சிரை ரத்தம் தேங்குவதால் வரும் தோல் அழற்சியாக இருக்கலாம். காட்டாமல் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்கு மூக்கடியில் தேன் நிறத்தில் பொருக்கு. மற்ற குழந்தைகளோடு விடலாமா?

பதில்: வர்ணனை இம்பெட்டிகோ சிரங்கு போலத்தான் இருக்கிறது. எளிதில் ஒட்டும். சிகிச்சை தொடங்கி 24 மணி நேரம் தனியே இருக்கட்டும், நகத்தை வெட்டிவிடுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா காரணமாக இருந்தால், புண் ஆறிச் சில வாரம் கழித்து அரிதாகச் சிறுநீரகம் பாதிக்கலாம். முகம் வீங்கினாலோ, சிறுநீர் பழுப்பாகப் போனாலோ உடனே காட்டுங்கள்.

கேள்வி: அரிப்புக்கு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் போடலாமா?

பதில்: வேண்டாம். சிவப்பு மறையும், தொற்று உள்ளே வளரும்.

கேள்வி: எதைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பதில்: தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் வலி தாங்க முடியாது. இதுதான் நான் அதிகம் பயப்படும் அறிகுறி. மணிக்கு மணி பரவுவது, தோல் ஊதாவாகவோ கருப்பாகவோ மாறுவது, மனக்குழப்பம், இவற்றில் எது சேர்ந்தாலும் தசையை மூடிய உறைவரை தொற்று போயிருக்கலாம். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஆனால் நல்ல உடம்புக்காரருக்கும் இது வரும். இரவானாலும் காத்திருக்காதீர்கள், உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும்.